பத்து சென்டிமீட்டர் கோடு

மனைவி போன பிறகும் மகளின் தலைப்பிரசவத்தை நானே பார்த்துக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடிக்கிற அப்பாக்களுக்கு இது உதவக்கூடும். உதவாமலும் போகலாம். ஆஸ்பத்திரியில் இருந்த அந்த மூன்று வாரத்தில் என்ன நடந்தது என்று எனக்கே இன்னும் முழுதாக விளங்கவில்லை. விளங்கின வரைக்கும் எழுதுகிறேன்.

நான் பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன். அதில் பெரும்பகுதி முக்கொம்பில், ஆற்று மட்டத்தைப் படித்து எழுதுகிற வேலை. ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில் வீடு. எதையும் எண்ணாமல், அளக்காமல் இருக்க எனக்கு வராது. என் ஒரே மகள் கோமதி சின்ன வயதிலேயே, "அப்பா சாப்பிடல, கவளம் எண்றாங்க" என்று கேலி செய்வாள்.

எழுபத்தெட்டாம் வருஷம், ஆவணி மாதம். மாப்பிள்ளைக்கு வடக்கே பிலாயில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அவருடைய அம்மா, என் சம்பந்தியம்மா, கரூரிலிருந்து வந்து கேட்டுப் பார்த்தார்.

"பொம்பளை இல்லாத வீடு. எப்படிங்க சமாளிப்பீங்க? எங்க வீட்டுலயே வச்சுக்கிறோமே."

"தலைப்பிரசவம் பொறந்த வீட்டுலதான் சம்பந்தியம்மா. அவ அம்மா இருந்தா விட்டிருப்பாளா?"

அம்மா இல்லை என்பதுதானே அவர் சொன்னது. நான் அதையே காரணமாகத் திருப்பிச் சொன்னேன். அவர் கரூருக்குத் திரும்பிப் போனார்.

வலி எடுத்தது ஒரு புதன்கிழமை காலை. டாக்ஸியில் காவிரிப் பாலம் தாண்டும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை, பிறகு ஒன்பது, மறுபடி பன்னிரண்டு. இது ஏன் ஏறி இறங்குகிறது என்று குழப்பம். திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் வரிசையாகச் சொன்னேன். அவள் கோமதியைத்தான் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கம்மா, எப்படி வருது?" என்றாள். கோமதி என்னைப் பார்த்தாள். நான் மறுபடியும் சொன்னேன்.

பிரசவ அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதற்கு மேலே சுற்றாத ஒரு மின்விசிறி. பெஞ்சின் மறு முனையில் அருளம்மா உட்கார்ந்திருந்தார். பாலக்கரைக்காரர். மகள் ஸ்டெல்லாவுக்கு முந்தின நாள் வயிற்றைக் கிழித்துக் குழந்தை எடுத்திருந்தார்கள்; இன்னும் வார்டுக்கு மாற்றவில்லை. ஒரு நர்ஸ் கதவைத் திறந்து, "நாலு சென்டிமீட்டர்தான் ஆகியிருக்கு" என்று சொல்லிவிட்டு மூடினாள்.

"எது நாலு சென்டிமீட்டர்?" என்று நான் கதவையே கேட்டேன்.

அருளம்மா சிரித்தார். "ஐயாவுக்கு எத்தனை புள்ளைங்க?"

"இவ ஒருத்திதான்."

"அப்பத் தெரியலையா?"

"நான் அன்னைக்கு டூட்டியில இருந்தேன்."

"எல்லா ஆம்பளைங்களும் அன்னைக்கு டூட்டியிலதான் இருப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி விளக்கினார். கருப்பைக்கு ஒரு வாய் இருக்கிறது. வலி வர வர அது கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். பத்து சென்டிமீட்டர் திறந்தால்தான் குழந்தையின் தலை வெளியே வரும். "என் வளையலைப் பாருங்க. இதைவிட நல்லாவே பெரிசு." அந்த வளையலை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்தோரு வயதில் ஒரு மனிதன் கற்றுக்கொள்கிற விஷயமா இது என்று கூச்சமாகவும் இருந்தது.

எட்டில் நின்றுவிட்டது. பிறகு எப்படியோ பத்து ஆயிற்று. ஆனால் கோமதிக்கு முக்க வலுவில்லை. ஆயுதம் போட்டு எடுக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஆயுதம் என்ற சொல்லை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பெரிய கரண்டிகள் மாதிரி இருக்கும், குழந்தையின் தலையை இரு பக்கமும் அணைத்து மெதுவாக வெளியே கொண்டுவருவார்கள், அவ்வளவுதான் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். பெண் குழந்தை. நெற்றியின் இரண்டு பொட்டிலும் இரண்டு சிவப்புத் தடம். தாய்க்குத் தையல்கள். எத்தனை என்று கேட்டேன். "ஏன் ஐயா, எண்ணி என்ன பண்ணப் போறீங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

பெண்கள் வார்டில் ஆண்களுக்குச் சாயங்காலம் மட்டும்தான் அனுமதி. எங்களுக்குப் பெண் துணை இல்லை என்பதால் தலைமை சிஸ்டர் எனக்குப் பகல் முழுக்க இருக்க விசேஷ அனுமதி தந்தார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. காலையில் முதல் பஸ்ஸில் கேரியருடன் வருவேன். பூண்டு போட்ட ரசம், குழைந்த சோறு, நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கின பிரசவ லேகியம். கட்டில் தலைமாட்டில் ஒரு ஸ்டூல். விளக்கு வைக்கிற நேரத்தில் மணியடித்து என்னை வெளியே அனுப்புவார்கள். இராத்திரிக்கு அடுத்த கட்டில் அருளம்மாதான் பொறுப்பு. "நான் பாத்துக்கிறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்பார். ஆகவே அங்கே இரவுகள் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில் திரையை இழுத்துவிட்டு நர்ஸ் சோதிப்பாள். நான் வெளியே நின்று கேட்பேன். "தொப்புளுக்குக் கீழ ஒரு விரல்." மறுநாள், "ரெண்டு விரல்." பிரசவத்துக்குப் பிறகு கருப்பை சுருங்கிக் கீழே இறங்குகிறது, அதை விரலால் அளக்கிறார்கள். வெள்ளம் வடிகிற மாதிரி இருந்தது. ஜுரம் இல்லை, இரத்தப்போக்கு சரியாக இருக்கிறது. எல்லா அளவும் நல்லபடி. எனக்கு அதுதான் தெம்பு.

ஆனால் சோறு அப்படியே திரும்பியது. குழந்தை அழுதால் கோமதி தலையைத் திருப்பவில்லை. மார்பு பால் கட்டிக் கல் மாதிரி ஆகிவிட்டது என்று அருளம்மா சொன்னார். நர்ஸ் குழந்தையை எடுத்து மடியில் வைத்தால் வைத்த இடத்திலேயே இருந்தது. யாரோ பஸ்ஸில் பிடித்துக்கொள்ளக் கொடுத்த பையைப் போல அவள் அதை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணும் இல்லப்பா. நல்லா இருக்கேன்."

இரண்டாம் நாள் ஒரு இளம் டாக்டரம்மா வந்தார். மேல்படிப்புப் படிக்கிறவர். பிரசவம் பெண்களுக்கு எப்படி இருக்கிறது, பிறகு வருகிற நாட்கள் எப்படிப் போகின்றன என்பதை அளக்கப் போகிறேன் என்றார். எனக்கு உடனே ஆர்வம் வந்துவிட்டது. ஒரு தாளை நீட்டினார். அதில் ஐந்து கேள்விகள். வலி எப்படி இருந்தது, பயம் இருந்ததா, என்ன செய்கிறோம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா, தூக்கம் வருகிறதா, குழந்தையைப் பார்த்தால் எப்படி இருக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெறும் கோடு. இடது முனை நல்லது, வலது முனை தாங்க முடியாதது. எங்கே தோன்றுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு குறுக்குக் கீறல் போட வேண்டும்.

"இதுல பிரிவே இல்லையேம்மா. நீளம் எவ்வளவு?"

"பத்து சென்டிமீட்டர்ங்க ஐயா."

"மறுபடியும் பத்தா? பிரிவு போடாத அளவுகோலை வச்சு எப்படி அளக்கிறது? நான் வேணா போட்டுத் தர்றேன்."

"வேணும்னுதான் போடல. நம்பர் போட்டா எல்லாரும் நடுவுல அஞ்சைச் சொல்லிட்டுப் போயிடுவாங்க. கோடு மட்டும் இருந்தா கொஞ்சம் யோசிப்பாங்க."

எனக்கு இது சமாதானமாக இல்லை. வலியை எப்படிக் கோட்டில் வைப்பது? ஒருத்தியின் மூன்றும் இன்னொருத்தியின் மூன்றும் ஒன்றா? கடல் மட்டத்துக்கு ஒரு பூஜ்யம் இருக்கிறது, இதற்குப் பூஜ்யம் எங்கே? இதையெல்லாம் கேட்டேன். டாக்டரம்மா பொறுமையாக, "அதான் ஐயா எனக்கும் தெரியல. அதுக்குத்தான் படிக்கிறேன்" என்றார்.

கோமதி ஐந்து கோட்டிலும் இடது ஓரத்தில் கீறினாள். நான் சட்டைப்பையிலிருந்த ஆறு அங்குல இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரு சென்டிமீட்டர். "பாத்தீங்களா, நல்லா இருக்கா" என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். நாலாம் நாளும் அதேதான். ஆறாம் நாளும் அதேதான்.

அந்த ஆறாம் நாள் மத்தியானம் சம்பந்தியம்மா வந்தார். நர்ஸிடம் பேசிவிட்டு என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"பால் குடுக்க மாட்டேங்குறாளாமே. புட்டிப் பால்லதான் ஓடுதாம்."

"ஒடம்பு அசதிங்க."

"யாருக்கு அசதி இல்ல? நாளன்னைக்கு டிஸ்சார்ஜ்னாங்க. கொழந்தையை நான் கரூருக்குத் தூக்கிட்டுப் போறேன். இவ உங்க வீட்டுல இருந்து தேறி, மெதுவா வரட்டும்."

 அளவெல்லாம் சரியாக இருக்கிற பெண்ணிடமிருந்து குழந்தையை ஏன் பிரிக்க வேண்டும்? சரியாக இருந்தால் ஏன் குழந்தையைத் தொடவில்லை? யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவர் போன பிறகு அருளம்மா குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். ஸ்டெல்லாவின் துணியை அலசிக்கொண்டே பேசினார்.

"சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். உங்க பொண்ணு ராத்திரி படுக்கிறதே இல்ல ஐயா. பூரா ராத்திரியும் ஜன்னலைப் பாத்து ஒக்காந்திருக்கு. முந்தாநாள் என்கிட்ட, 'இந்தக் கொழந்தையை நீங்க எடுத்துக்கிறீங்களா'ன்னு கேட்டுச்சு. கேலி பண்ணுதுன்னு சிரிச்சுட்டேன். நேத்து மறுபடி கேட்டுச்சு. 'உங்ககிட்ட இருந்தா அது பொழைச்சுக்கும், நான் போயிடுவேன்'னு. எங்க போவேன்னு கேட்டா வாயைத் தொறக்கல. மாதா சத்தியமா பயமா இருக்கு எனக்கு."

"டாக்டர் கேட்டப்ப நல்லா இருக்கேன்னுதானே போட்டா? மூணு தடவையும்."

"எனக்கு அந்தக் கோடெல்லாம் தெரியாது ஐயா."

சாயங்காலப் பஸ்ஸில் பாலத்தின் மேல் வரும்போது ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. மூன்று தடவையும் ஒரே அளவு என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் பழைய விஷயம் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் வேலையில் ஆற்றங்கரையில் ஒரு கிணறு கட்டியிருப்போம். ஆற்றுத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக அதற்குள் வரும். உள்ளே அலை இருக்காது, மட்டத்தைத் தெளிவாகப் படிக்கலாம். ஒரு வருஷம் புது வெள்ளத்தின்போது இரண்டு நாள் அந்தக் கிணற்று மட்டம் ஒரு நூல் அசையவில்லை. ஆறு அமைதியாக இருக்கிறது என்று எழுதினோம். மூன்றாம் நாள் பார்த்தால் படித்துறையின் நாலு படி தண்ணீருக்குள். குழாயில் வண்டல் அடைத்திருந்தது. வெளியே ஆறு ஏறிக்கொண்டிருந்தது, உள்ளே கிணறு சும்மா நின்றது.

ஸ்ரீரங்கத்தில் இறங்கினதும் எதிர்ப்பக்கம் போய் அடுத்த பஸ்ஸில் திரும்ப ஏறினேன். வார்டில் விடவில்லை. அருளம்மாவை வாசலுக்குக் கூப்பிட்டு, "இன்னைக்கு ராத்திரி கண்ணை மூடாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். அவர் கோபித்துக்கொண்டார். "நான் எப்ப மூடினேன்?"

மறுநாள் டாக்டரம்மாவை மாடிப்படியில் மடக்கிக் கிணற்றுக் கதையைச் சொன்னேன். எப்படி ஒரே அளவாக இருக்க முடியும், ஆயுதம் போட்டு எடுத்தவளுக்கு வலி ஒரு சென்டிமீட்டர்தானா, எங்கேயோ அடைத்திருக்கிறது என்றேன்.

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றார். பிறகு, "எனக்கும் அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு ஐயா. முதல்ல என் கோட்டு மேல சந்தேகம். அப்புறம் உங்க மேல" என்றார்.

"என் மேலயா?"

"மூணு தடவையும் கட்டில் பக்கத்துல நீங்க நின்னீங்க. அவங்க கீறின உடனே ஸ்கேலை வச்சுப் பாத்ததும் நீங்கதான். அப்பா முன்னால எந்தப் பொண்ணு என்ன சொல்லும்? நான்தான் உங்களை வெளியே இருக்கச் சொல்லியிருக்கணும். பாவம், துணைக்கு வேற ஆள் இல்லையேன்னு விட்டுட்டேன்."

வண்டலைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன். அது நானே என்று தோன்றவில்லை. இப்போது எழுதும்போதுகூட இது எப்படி என்று முழுதாகப் பிடிபடவில்லை. நான் நின்றது துணைக்குத்தானே?

அன்று திரையை இழுத்துவிட்டு டாக்டரம்மா மட்டும் உள்ளே இருந்தார். நான் வராந்தாவில். டாக்டரம்மாவின் குரல் மட்டும் லேசாகக் கேட்டது. பிறகு கோமதியின் அழுகை. பிறந்ததிலிருந்து நான் கேட்டிராத அழுகை. உள்ளே போகக் கால் துடித்தது. அருளம்மா என் மேல்துண்டைப் பிடித்துக்கொண்டு, "உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. "எவ்வளவு?" என்று கேட்டேன். எனக்கு வேறு கேள்வி வரவில்லை.

"அதைச் சொல்லமாட்டேன் ஐயா. யாருக்கும் காட்டமாட்டேன்னு சொல்லித்தான் கேட்டேன். நாங்க என்ன பண்ணப் போறோம்னு மட்டும் சொல்றேன்." பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாள், நாலாம் நாள் அழுகை நிறையப் பேருக்கு வரும், தானே போய்விடும் என்று விளக்கினார். இது அதுவல்ல. தூக்கம் அறவே போய், குழந்தை மேல் மனசு ஒட்டாமல், தான் உயிரோடு இருந்து பிரயோஜனமில்லை என்று தோன்ற ஆரம்பிப்பது ஒரு வியாதி. திமிரும் இல்லை, பேயும் இல்லை. "ஜுரம் மாதிரிதான். தெர்மாமீட்டர்ல ஏறாது, அவ்வளவுதான். பெரிய டாக்டர்கிட்ட பேசிட்டேன். டிஸ்சார்ஜ் இல்ல. மாத்திரை தருவோம். ஒரு நிமிஷம்கூடத் தனியா விடக்கூடாது. குழந்தையும் கூடவே இருக்கணும்."

"மண்டையில கரண்ட் வைப்பாங்களோ?" என்று அருளம்மா என் காதில் கேட்டது டாக்டரம்மாவுக்கும் கேட்டுவிட்டது. தேவைப்படாது என்றார். எனக்கும் அதே பயம்தான். எத்தனை நாள் ஆகும், பில் எங்கே போய் நிற்கும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

டிஸ்சார்ஜ் என்று சொல்லியிருந்த நாளில் சம்பந்தியம்மா குழந்தைக்குப் புதுத் துணியும் பிரம்புக் கூடையுமாக வந்துவிட்டார். டாக்டரம்மா வார்டிலேயே ஸ்டூல் போட்டு உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார்.

"மனசு வியாதியா? நாங்கல்லாம் பெக்கலையா?"

"உங்களுக்கு எப்படி இருந்துச்சும்மா?"

"எனக்கென்ன, நல்லாத்தான்…" என்று ஆரம்பித்தவர் என் பக்கம் பார்த்து நிறுத்தினார்.

நான் எழுந்து வெளியே போனேன். அந்த மூன்று வாரத்தில் யாரும் சொல்லாமல் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். கதவுக்கு அப்பாலிருந்து பார்த்தபோது டாக்டரம்மா தாளை நீட்டுவது தெரிந்தது. "இது முப்பது வருஷத்துக்கு முந்தினதுங்க" என்று சம்பந்தியம்மா சொல்வது கேட்டது. பிறகு பென்சிலை வாங்கிக்கொண்டார். எங்கே கீறினார் என்று தெரியாது. பென்சிலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

வெளியே வந்ததும் கூடையை என் கையில் கொடுத்தார். "இதை உங்க வீட்டுல வைங்க. நான் இங்கயே இருக்கப் போறேன். கரூருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க. பாயும் போர்வையும் வேணும்."

"பொம்பளை இல்லாத வீடுன்னு நீங்க அப்பவே சொன்னீங்க" என்றேன்.

"விடுங்க. இப்ப அது எதுக்கு?"

அன்றிலிருந்து எனக்குச் சாயங்காலம் மட்டும்தான் அனுமதி. மற்ற ஆண்களோடு வரிசையில் நின்று, மணி அடித்ததும் உள்ளே போய், மணி அடித்ததும் வெளியே வருவேன். சம்பந்தியம்மா கட்டிலுக்கடியில் பாய் போட்டுப் படுத்தார். அவரும் அருளம்மாவும் முறை வைத்து விழித்திருந்தார்கள். பால் ஊறும் என்று பாலக்கரையிலிருந்து பால்சுறா மீன் புட்டு வந்தது. நாங்கள் சைவம் என்று நான் முனகினேன். "உங்களை யார் சாப்பிடச் சொன்னா?" என்று சம்பந்தியம்மா கேட்டார். கோமதி அதில் இரண்டு வாய் சாப்பிட்டாளாம்.

மாத்திரை உடனே வேலை செய்யவில்லை. முதலில் தூக்கம் மட்டும் வந்தது. அதுவும் ஒருநாள் வந்து ஒருநாள் போயிற்று. நான் கேள்வி கேட்டால் அதே "நல்லா இருக்கேன்பா"தான். ஆகவே கேட்பதை விட்டுவிட்டு, வீட்டில் என்ன குழம்பு வைத்தேன், பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தேன். பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, நான் பஸ் கண்டக்டரைத் திட்டிக்கொண்டிருந்த நடுவில் குழந்தை சிணுங்கியது. சம்பந்தியம்மா எழப் போனார். கோமதி, "இங்க கொடுங்க அத்தை" என்றாள். அவ்வளவுதான்.  நான் கண்டக்டரைத் தொடர்ந்து திட்டினேன்.

பில் நான் பயந்த அளவுக்கு வரவில்லை. மாத்திரைகளைச் சில மாதம் நிறுத்தாமல் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். சம்பந்தியம்மா கார்த்திகை வரைக்கும் ஸ்ரீரங்கத்தில் எங்களோடு இருந்தார். குழந்தையின் பொட்டில் இருந்த தடங்கள் எப்போது மறைந்தன என்று கவனிக்கத் தவறிவிட்டேன்.

தை மாதம், மாப்பிள்ளை வந்து அழைத்துப்போவதற்கு முந்தின வாரம் ஒரு காலை நேரம். கோமதி குழந்தையைக் குளிப்பாட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அந்தக் கோட்டில் கடைசியாக எங்கே போட்டாள் என்று அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்கு எத்தனையோ நாள் இருந்தது. கேட்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதில் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"இப்ப நீங்க போடுங்கப்பா. அந்த மூணு வாரமும் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. அவள் ஸ்கேலைப் பிடுங்கிக்கொண்டாள். பென்சிலைக் கொடுத்தாள். நான் யோசித்து, இடது ஓரத்தில் ஒரு கீறல் போட்டேன். ஒரு சென்டிமீட்டர் இருக்கும்.

அவள் குனிந்து பார்த்தாள். சிரித்தாள். நிறைய நாளுக்கப்புறம் கேட்ட சிரிப்பு.

"நான் வேணா கொஞ்சம் வெளிய போய் நிக்கட்டுமாப்பா?"

குழந்தை என் பென்சிலைப் பிடிக்கக் கையை நீட்டியது. அந்தக் கோட்டை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"போய் நில்லும்மா" என்றேன்.